தூத்துக்குடித் துறையும் கப்பலோட்டிய தமிழரும்

சங்க காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கைத் துறை, தாமிரபரணி கொணர்ந்து குவித்த மணலாலும் விலகிச் சென்ற கடலாலும் சிற்றூராய்ச் சுருங்கிய கதையை நம் மாணவர் அறிவர். கொற்கைக்குப் பின் காயல் சிறந்தது. காயலுக்குப் பின் தூத்துக்குடி தலையெடுத்தது. போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் மாறி மாறி ஆண்ட அவ்வூர் இறுதியில் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1876ஆம் ஆண்டில் இருப்புப் பாதை அதனை எட்டியது. அதன் பின்னர்த் தென்பாண்டி நாட்டுக் கரிசல் நிலத்துப் பருத்தியெல்லாம் அங்கே வந்து குவியலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி எவ்வாறு இருந்தது என்பதை ஓரளவேனும் மனக்கண்முன் கொண்டுவந்தால்தான், இக்கட்டுரை பேசப்போகும் பெருமகனாரின் செயலருமை விளங்கும். கரையோரத்தில் கடல் ஆழமற்றது. ஆகவே நீராவிக் கப்பல்கள் சில கல் தொலைவிற்கு அப்பாலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் பயணிகளும் தோணிகளிலும் படகுகளிலும்தான் கப்பலுக்குச் சென்று சேர்தல் வேண்டும். ஒரு மூட்டை பருத்தி கப்பலேறுவதற்குள் வண்டிக்காரர், பஞ்சு அழுத்தும் ஆலைத் தொழிலாளர், சுமைகூலி, தோணிக்காரர், தரகர் எனப் பலர் கைபட்டாக வேண்டும். உப்பளத்திலும் சங்கு குளிப்பிலும் உழைத்தோர் ஒருபுறம். கொழும்போடு அரிசியும் கருவாடும் துணியும் வாணிகம் செய்த பரதவர், நாடார், செட்டியார், இசுலாமியர் முதலிய பல சமூகத்து வணிகர் மற்றொருபுறம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை நாடிச் சென்ற ஏழைத் தொழிலாளர் கூட்டமும் அத்துறையைக் கடந்து சென்றது. ஊர் முழுவதும் ஒரு சங்கிலி போலப் பிணைந்து கிடந்தது. ஆனால் அச்சங்கிலியின் தலைப்பு மட்டும் வேறொருவர் கையில் இருந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பல்கள் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்கு உரியவை. அதன் முகவரான ஹார்வி நிறுவனத்தாரே ஊரிலிருந்த கோரல் நூற்பாலையையும் நடத்தினர். கப்பலும் ஆலையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு இதுவே திறவுகோல்.

இவ்வூருக்கு 1900ஆம் ஆண்டில் வழக்கறிஞர் தொழில் நடத்த வந்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. ஓட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர். தந்தையாரும் வழக்கறிஞரே. ஏழைகளின் வழக்குகளைக் கூலி பெறாமலும் எடுத்து நடத்தி, அதிகாரிகளின் பகையை இளமையிலேயே தேடிக்கொண்ட மகனைச் சொந்த ஊரில் வைத்திருப்பது நன்றன்று என்று தந்தையார் கருதியதே அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயரக் காரணம் என்பர்.

வங்கப் பிரிவினையை ஒட்டி 1905இல் எழுந்த சுதேசிய அலை தெற்கே வந்தபோது, அதனை மேடைப் பேச்சாக மட்டும் விட்டுவிடாமல் தொழிலாக மாற்றியவர் சிதம்பரனார். தூத்துக்குடியில் அவர் முயற்சியால் சுதேசியப் பண்டகசாலை ஏற்பட்டது; தரும சங்க நெசவுசாலை ஏற்பட்டது; கைத்தொழில் சங்கமும் ஏற்பட்டது. இவை பாடநூல்களில் ஒரு வரியில் கடந்து போகும் பெயர்கள். ஆனால் நெய்பவனுக்குத் தறியும், நெய்த துணியை விற்கக் கடையும், வாங்குவோரிடையே அதற்கொரு மதிப்பும் ஒருங்கே வேண்டும் என்று கணக்கிட்ட மூளையை இவற்றில் காணலாம். கப்பல் இக்கணக்கின் அடுத்த படியே. சுதேசியப் பொருளை அயலான் கப்பலில் ஏற்றியனுப்பினால் கூலியும் ஆதாயமும் அயலானுக்கே போய்ச் சேரும் அல்லவா?

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியாவைச் சேர்ந்த எவரும் பங்குதாரராகலாம் என்பது விதி. ஆதாயம் ஈட்டுவது மட்டும் அதன் நோக்கமன்று. நம்மவர்க்குக் கப்பல் செலுத்தும் கலையைப் பயிற்றுவிப்பதும், கப்பல் கட்டும் துறைகளை அமைப்பதும் அதன் குறிக்கோள்களுள் அடங்கும். சங்கத்தின் தலைவர் பொன். பாண்டித்துரைத் தேவர். மதுரையில் 1901ஆம் ஆண்டு நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே பெருந்தகை. தமிழ்த் துறை மாணவர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். ஏடு தேடித் தொகுத்த கையே கப்பலுக்கும் தலைமை தாங்கியது.

செயலாளர் ஜனாப் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். சிதம்பரனார் ஏற்றுக்கொண்டதோ துணைச் செயலாளர் பதவிதான். பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளுக்காக இரண்டு இலட்சம் ரூபாயை அளித்தார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. கப்பல் என்றவுடன் சிதம்பரனார் பெயரைச் சொல்லும் நாவு இப்பெயரையும் உடன் சொல்லப் பழகவில்லை. நம் சமுதாயத்துப் பெரியோர்கூட இதனை எடுத்துரைத்து அதிகம் கேட்டதில்லை. ஆங்கிலேய அரசின் முகச்சுளிப்பு எவ்வளவு கேடு விளைக்கும் என்பதை அறியாதவராக ஒரு வணிகர் இருத்தல் இயலாது. அறிந்தும் அத்தொகையை முன்வைத்தார் என்பதில்தான் அவர் பெருமை இருக்கிறது.

தொடக்கத்தில் சங்கத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தினர். பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்கடியால் அக்கம்பெனி பின்வாங்கவே, கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பெற்று நிலைமையைச் சமாளித்தார் சிதம்பரனார். வாடகைக் கப்பலை நம்பி வாணிகம் நடத்த முடியாது என்பது தெளிவாயிற்று. வடக்கே பயணமாகி, கப்பலோடு அல்லாமல் தூத்துக்குடிக்குத் திரும்புவதில்லை என்னும் உறுதியோடு அவர் அலைந்தார். 1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் சங்கத்துக்கு உரியனவாயின. தூத்துக்குடிக் கடலில் அவை வந்து நின்ற நாள் ஊருக்கே திருநாளாயிற்று.

அதன்பின் தொடங்கியது கட்டணப் போர். பிரிட்டிஷ் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. ஒரு ரூபாய், எட்டணா என்ற அளவுக்கு அது இறங்கிற்று. முடிவில் வெள்ளைக் கம்பெனி பயணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, ஆளுக்கொரு குடையும் கொடுத்ததாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. குடை உண்டோ இல்லையோ, ஆழமான பணப்பெட்டி உடையவன் இல்லாதவனை இவ்வாறு விலைக்குறைப்பாலேயே மூச்சடைக்கச் செய்வது வணிக உலகில் பழைய தந்திரம். அதைத் தாங்கி நிற்கச் சங்கத்துக்குப் பணத்தினும் மேலாகப் பயணிகளின் பற்றுதல் தேவைப்பட்டது. அரசு அதிகாரிகளின் சாய்வும் எந்தப் பக்கம் இருந்தது என்பது எல்லோர்க்கும் தெரிந்தே இருந்தது.

1908ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். கடற்கரையில் மாலைதோறும் கூட்டங்கள் நடந்தன. பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறையின்மை ஆகியவை அவர்தம் குறைகள். சிதம்பரனாரும் சிவாவும் முன்னின்று வழிநடத்தினர். வேலையிழந்து நின்றோர்க்கு ஊரார் பொருளுதவி செய்தனர். மாற்று வேலையும் தேடித் தந்தனர். ஆலை முதலாளிகளின் பக்கம் பேசியவர்க்கு நாவிதர் முகம் மழிக்க மறுத்தனர். வழக்கறிஞர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், அவர் எக்கட்சியினர் என்பதறிந்து வேலையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு எழுந்து போனார் என்னும் செய்தி ஊர் முழுதும் பேசப்பட்டது. அது நகைச்சுவைக்குரிய செய்தியாகத் தோன்றலாம். அன்றாடக் கூலியை நம்பி வாழும் ஒருவர் தம் வாடிக்கையைத் தாமே துறப்பது அத்துணை எளிதன்று. ஒன்பது நாள்களில் ஆலை நிர்வாகம் பணிந்து, கூலி உயர்வுக்கும் விடுமுறைக்கும் இசைந்தது.

இவ்வெற்றியே அரசினரை விழிக்கச் செய்தது எனலாம். கப்பலை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் அவரைக் கட்டணப் போரிலேயே வீழ்த்திவிடலாம் என்று இருந்திருப்பர். வணிகரையும் ஆலைத் தொழிலாளரையும் நாவிதரையும் ஒரே நூலில் கோத்தெடுத்தவரை அவ்வாறு விட்டுவைக்க முடியுமா? விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடிய கூட்டங்களைக் காரணமாகக் காட்டி, மார்ச் 12ஆம் நாள் திருநெல்வேலியில் சிதம்பரனாரையும் சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் சிறைப்படுத்தினர்.

மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. நகராட்சி அலுவலகமும் அஞ்சல் நிலையமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியிலோ கடைகள் அடைபட்டன. கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை விட்டனர். இம்முறை அவர்கள் கேட்டது கூலியன்று. நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர், ஜட்கா வண்டிக்காரர், நாவிதர், இறைச்சிக் கடைக்காரர் எனப் பலரும் தத்தம் தொழிலை நிறுத்தினர். ஊரின் அன்றாட இயக்கமே நின்றுபோயிற்று. வெள்ளையர் சிலர் கரையில் துயில அஞ்சிக் கடலில் நின்ற கப்பலில் இரவைக் கழித்தனர் என்றும் கூறுவர். அரசியல் காரணத்துக்காகத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தங்களில் இந்தியாவிலேயே இது மிக முந்தையவற்றுள் ஒன்று என்று வரலாற்றறிஞர் போற்றுவர்.

1908 ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்த துயரை நாடறியும். அதனை மீண்டும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதே சிறையில் தொல்காப்பியத்தை உரையோடு ஆழ்ந்து பயின்றார் என்பதையும், ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழில் பெயர்த்தார் என்பதையும் தமிழ் பயில்வோர் மறத்தல் ஆகாது.

அவர் சிறையிலிருக்கும்போதே நாவாய்ச் சங்கம் நலிந்தது. அரசியல் தொடர்பு வாணிகத்துக்கு ஆகாதென்று பங்குதாரர் சிலர் முன்னரே அஞ்சியிருந்தனர். ஊன்றுகோலாக இருந்தவர் உள்ளே போனதும் அவ்வச்சம் பெருகியது. 1911ஆம் ஆண்டளவில் சங்கம் கலைக்கப்பெற்றுக் கப்பல்கள் கைமாறிப் போயின. அடக்குமுறையால்தான் சங்கம் அழிந்தது என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். அது பாதி உண்மை. வண்டிக்காரரும் துப்புரவுத் தொழிலாளரும் தம் ஒருநாள் கூலியைத் துறந்து நின்ற ஊரில், முதல் போட்டவர்களுள் பலர்க்கு நிற்கும் உரம் இல்லாமற் போயிற்று என்பதே மீதிப்பாதி. வாணிகம் பயிலும் மாணவர் சிந்திக்க வேண்டிய இடம் இது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்று, தனுஷ்கோடி வழியே இலங்கைப் போக்குவரத்துத் திரும்பியபோது, தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் வழியே தன் பழைய முதன்மையை இழந்துவிட்டது என்பதும் ஈண்டு கருதத்தக்கது.

1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தவரை வரவேற்கக் கூடியோர் மிகச் சிலரே. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையில் அரிசியும் நெய்யும் விற்றுப் பிழைத்தார். பிற்காலத்தில் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் உரிமம் மீண்டது. நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர் ஓர் ஆங்கிலேயரின் நன்மையை இவ்வாறு போற்றியது அவர் உள்ளத்தின் அகலத்தைக் காட்டும்.

வறுமையிலும் தமிழ்ப் பணி குன்றவில்லை. மெய்யறம், மெய்யறிவு ஆகிய நூல்களை இயற்றினார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையை 1917ஆம் ஆண்டில் பதிப்பித்தார். தொல்காப்பிய எழுத்ததிகாரத்து இளம்பூரணர் உரை 1928ஆம் ஆண்டில் அவர் பதிப்பாக வெளிவந்தது. சிறையில் தொடங்கிய பயிற்சி அச்சேற ஏறத்தாழப் பதினெட்டாண்டுகள் ஆயின. இன்று இளம்பூரணத்தைக் கையிலெடுக்கும் மாணவர் அப்பதிப்புக்குப் பின்னுள்ள பசியையும் அறிந்திருத்தல் நலம்.

கோவில்பட்டியில் சில காலம் வாழ்ந்து, 1932ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கே அவர் திரும்பினார். 1936 நவம்பர் 18ஆம் நாள், தாம் விரும்பியவாறே காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. இறுதிக் காலத்தில் எழுதிவைத்த உயிலில் குடும்பத்துக்கு விட்டுச்செல்லும் செல்வத்தைவிடத் தாம் அடைக்க வேண்டிய கடன்களே மிகுதியாகக் குறிக்கப்பெற்றிருந்தன. அவற்றுள் எண்ணெய்க் கடைப் பாக்கியும் துணிக்கடைப் பாக்கியும் அடங்கும்.