மேரி வான் பிரிட்டன் பிரவுன்: கதவின் உட்புறமிருந்து

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் இருந்துகொண்டு, கடைகளையும் வீடுகளையும் தானாகக் கண்காணிக்கும் கமெராக்களுக்கு மென்பொருள் எழுதுகிறேன். வீட்டுக் கமெராவின் வேரைத் தேடிப் போனால் அது ஒரு தாதியின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது.

மேரி வான் பிரிட்டன் பிரவுன் 1922இல் நியூயோர்க்கின் குயீன்ஸில் பிறந்த கறுப்பினப் பெண். கணவர் அல்பேர்ட் இலத்திரனியல் தொழில்நுட்பவியலாளர். இருவருக்குமே வேலை நேரம் ஒழுங்கில்லை. அயலில் குற்றங்கள் மலிந்திருந்தன; அழைத்தால் பொலிசார் வந்து சேரத் தாமதமாகும். தனித்திருக்கும் இரவில் கதவு தட்டப்பட்டால் என்ன செய்வது?

கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துவாரங்கள். நெட்டையானவரும் தப்ப முடியாது, சிறுபிள்ளையும் தெரியும். அவற்றினூடே ஏறி இறங்கிப் பார்க்கும் ஒரு கமெரா. உள்ளே திரை, வந்தவருடன் பேச ஒலிவாங்கி. தெரிந்தவரென்றால் இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்கலாம். இல்லையென்றால் ஒரு பொத்தானை அழுத்தி உதவி கேட்கலாம்.

1966 ஓகஸ்டில் விண்ணப்பித்தார்கள். காப்புரிமை 1969 டிசம்பரில் கிடைத்தது. அதில் கணவர் பெயருக்கு முன்னால் மேரியின் பெயர் இருக்கிறது. அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

வந்தவர் நல்லவரா என்று அவரது கருவி தீர்ப்புச் சொல்லவில்லை. உள்ளேயிருந்த பெண்ணே பார்த்து முடிவெடுத்தாள். எங்கள் மென்பொருளோ அந்த முடிவையும் தானே எடுக்கப் பார்க்கிறது. எனக்கென்னவோ மேரியின் ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது.

பின்வந்த பல காப்புரிமைகள் அவருடையதைச் சுட்டுகின்றன. மேரி 1999இல், 76 வயதில், குயீன்ஸில் காலமானார்.