கப்பலுக்குப் பொருள் தந்த வள்ளல்

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டவர் என்பதை நாமறிவோம். 1906-இல் வ.உ.சி. எங்கள் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் தலைவரும் அன்னாரே! மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகள் வாங்கினார். காங்கிரஸ் மேடையில் தீர்மானமாக இருந்த சுதேசியம், இத்தகையோர் பணத்தால் கொழும்புக் கடலில் கப்பலாக ஓடியது. உப்பளத் தொழிலாளியின் மகனான நான் வியப்பது தொகையை அன்று, துணிவையே. ஜமீன்களோ ஆங்கில அரசின் தயவில் நின்றவை. 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் பிளந்தபோது வ.உ.சி. திலகர் பக்கம் நின்றார், 1908 மார்ச்சில் கைதானார், கம்பெனியும் நொடித்தது. 1911-இல் தேவர் மறைந்தபோது, வ.உ.சி. இன்னும் சிறையில்தான் இருந்தார்.