சமுதாய மேம்பாட்டில் தலைமைப் பண்பு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்வும் பணியும்

மேலாண்மை என்னும் சொல் இன்று பெரிதும் வணிகத் துறையின் சொல்லாகவே வழங்குகிறது. ஆனால், ஒரு செயலை ஆராய்ந்து தொடங்குதல், அதற்கு உரியாரைத் தெரிதல், இடையூறு கண்டு தளராது முடித்தல் ஆகியவற்றைத் தெரிந்துசெயல்வகை, தெரிந்துவினையாடல், வினைத்திட்பம் எனத் தனித்தனி அதிகாரங்களாக வகுத்துத் தந்தவர் திருவள்ளுவர். பொருட்பாலில் அரசியல், அமைச்சு ஆகியவற்றிற்கு உரியனவாக வைக்கப்பெற்ற இவ்வதிகாரங்கள், ஆட்சிக் கட்டிலில் அமராத ஒரு பெண்மணியின் வாழ்விலும் முற்றப் பொருந்தக் காண்கிறோம். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், நிறுவனங்களைத் தோற்றுவித்து நிலைபெறச் செய்த அவ்வம்மையாரின் வாழ்வை எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையது.

தோற்றமும் கல்வியும்

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடப் பெற்ற பெண்களைச் சமுதாயம் எவ்வாறு நோக்கியது என்பதை அவர் நூல்களில் படித்து அறியவில்லை. தாய்வழிச் சுற்றத்திலேயே கண்டு வளர்ந்தார்.

பருவம் எய்திய பெண் பள்ளி செல்லுதல் தகாது எனக் கருதப்பெற்ற காலம் அது. அவர் வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதினார். ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்த்துக்கொள்ள எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவரும் ஒருவர். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், பொதுப்பணிக்குத் தடை செய்தல் கூடாது என்னும் உடன்பாட்டோடு நிகழ்ந்த திருமணம் அது.

சட்டமன்றப் பணி

1925-இல் மகளிர், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற அம்மையார் இங்கிலாந்து சென்றார். திரும்பிய பின், மாதர் சங்கத்தாரின் முயற்சியால் 1926-இன் இறுதியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பெற்றார். அடுத்த ஆண்டு அம்மன்றம் அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமன்றம் ஒன்றில் இடம்பெற்ற முதற்பெண் என்னும் பெருமை அவருடையது. கிடைத்த பதவியை அவர் அணிகலனாகக் கொள்ளவில்லை, கருவியாகக் கொண்டார். பள்ளிக் குழந்தைகளின் உடல்நலம், குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனைப் பிரிவு, பெண்களின் மணவயதை உயர்த்துதல் எனத் தொடர்ந்து வாதாடினார்.

அவற்றுள் தலையாயது பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் முயற்சியாகும். 1927-இல் அதற்கான தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். சமயத்தின் பெயராலும் கலையின் பெயராலும் எதிர்ப்புகள் எழுந்தன. வழக்கத்திற்கு உட்பட்ட பெண்களுள் ஒரு சாராரே சங்கம் அமைத்து எதிர்ப்பு மனு அளித்தனர். தம் கலையும் வாழ்வாதாரமும் உரிமைகளும் பறிபோகும் என்னும் அவர்தம் அச்சத்தை இன்றைய ஆய்வாளர் பலரும் எடுத்துக்காட்டுவர். அவ்வச்சம் முற்றும் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. மேடையும் மதிப்பும் வேறு கைகளுக்கு மாறியதை வரலாறு காட்டுகிறது. அதே வேளையில், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் அம்மரபின் உள்ளிருந்தே ஒழிப்பிற்காகப் போராடினர் என்பதையும் மறத்தல் ஆகாது.

இவ்விடத்தில்தான் முத்துலட்சுமி அம்மையாரின் செயல்வகை கூர்ந்து நோக்கத்தக்கது. வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டத்தை முதலில் அவர் பெறவில்லை. அவருடைய முயற்சியால் முதலில் நிறைவேறியது 1929-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத் திருத்தம். கோயிற் பணி செய்தால்தான் மானிய நிலத்தை அனுபவிக்கலாம் என்றிருந்த கட்டு அதனால் அறுந்தது. பணியினின்று நீங்கிய பின்னும் நிலம் அப்பெண்களிடமே நிற்க வழி பிறந்தது. உண்ண வழியின்றி விடுதலை என்பது வெறுஞ்சொல் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நிலமில்லாத பெண்களுக்கு இத்திருத்தம் உதவவில்லை என்பதும் உண்மையே. எனினும், ஒழிப்பதற்கு முன் வாழ்வளித்தல் என்னும் வரிசைமுறை சமுதாயப் பணியில் ஈடுபடுவோர் அனைவரும் கற்கத்தக்க பாடமாகும்.

1930-இல் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அவ்வாண்டிலேயே காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். அம்மசோதாவின் நோக்கம் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்தில், 1947-இல் சட்டமாயிற்று. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளும் எழுத்தாலும் பேச்சாலும் மாதர் அமைப்புகளாலும் அக்கோரிக்கையை அவியாது காத்தவர் அம்மையாரே.

அவ்வை இல்லம்

சட்டம் ஒருபுறம் நிற்க, பொட்டுக்கட்டுதலுக்குத் தப்பிய சிறுமியர் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். தங்கும் விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை, பிறப்பு தடையாயிற்று. அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களை இருத்திக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் இவ்வாறு தோன்றியதே அவ்வை இல்லம். கல்வியால் உயர்ந்த மூதாட்டியின் பெயரைத் தாங்கிய அவ்வில்லம், சாதி வேறுபாடு பாராது ஆதரவற்ற பெண்களை ஏற்றது. பின்னர் அடையாற்றில் விரிவடைந்து, பள்ளியும் ஆசிரியப் பயிற்சியும் கொண்டதாக வளர்ந்தது. அடைக்கலம் அளிப்பதோடு நில்லாமல், தம் காலில் நிற்கும் தொழிலையும் அளித்தமையே அதன் சிறப்பு.

புற்றுநோய் மருத்துவமனை

அம்மையாரின் தங்கை 1923-இல் புற்றுநோயால் மறைந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலாத துயரம் அவர் நெஞ்சில் தங்கியது. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் விருப்பத்தை வெளியிட்டார். அரசின் ஆர்வம் எளிதில் கிட்டவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டும் பணியில் இறங்கினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பெற்றது. எண்ணத்திற்கும் திறப்பிற்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள்! வினைத்திட்பம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தெரிந்துவினையாடலுக்கும் இதுவே சான்று. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அயல்நாட்டில் பயிற்சி பெற்று வந்து மருத்துவமனையை நடத்தினார். 1955-இல் இளம் மருத்துவராக வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை அதனையே தம் வாழ்வாகக் கொண்டார். வறியோர்க்குப் பொருள் கருதாது மருத்துவம் செய்தல் என்னும் நெறி தலைமுறை கடந்தும் தொடர்ந்தது. அம்மையார் 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் மறைவோடு எந்தப் பணியும் நின்றுவிடவில்லை.

நாம் கொள்ள வேண்டுவது

மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நான், என் மாணவியரிடம் அம்மையாரைப் பற்றிக் கேட்பதுண்டு. அரசின் மகப்பேறு உதவித் திட்டத்தின் பெயராகவே பலரும் அவரை அறிந்துள்ளனர். தாம் வகுப்பறையில் அமர்ந்திருப்பதற்குப் பின்னால், ஆடவர் கல்லூரியில் தனியே அமர்ந்து பயின்ற ஒரு பெண்ணின் துணிவும் உண்டு என்பதை அறியும்போது அவர்கள் முகம் மாறுகிறது.

துயரைக் கண்டு இரங்குவோர் பலர். எடுத்துச் சொல்வோர் சிலர். அத்துயர் தீர ஓர் இடமும் விதியும் நிதியும் ஆளும் அமைத்துத் தந்து, தமக்குப் பின் நடத்துவோரையும் உருவாக்கிச் செல்வோர் மிகச் சிலரே. அம்மையார் அம்மிகச் சிலருள் ஒருவர். ஓர் அமைப்பின் வலிமையை அதன் விழாக்கள் காட்டுவதில்லை. அதைத் தொடங்கியவர் இல்லாத நாளில் அது நடைபெறும் முறையே காட்டுகிறது. பத்தாண்டு கண்ட நம் வட்டமும் இவ்வுண்மையை நெஞ்சிற்கொண்டு, அடுத்த தலைமுறையினர் கைகளில் பொறுப்புகளை இப்போதே பகிர்ந்தளிக்குமாயின், அதுவே அம்மையார்க்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.