இராமானுஜனின் விண்ணப்பம்

நற்சான்றிதழ் வேண்டி வரும் பழைய மாணாக்கரைக் காணுந்தோறும் சீனிவாச இராமானுஜன் என் நினைவுக்கு வருகிறார். கணித மேதையென உலகம் போற்றும் இராமானுஜன் அல்லர். உத்தியோகம் தேடி வாயில்தோறும் நின்ற இளைஞர்.

1887இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார், எஃப். ஏ. பரீட்சையிலும் சித்தியெய்தவில்லை. 1909இல் திருமணம் நிகழ்ந்தது. வருவாய்க்கோ வழியில்லை.

1910இல் திருக்கோவிலூர் சென்று, டிப்டி கலெக்டர் வி. இராமசுவாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர். தாலுகாக் கச்சேரியில் ஓர் இலிகிதர் வேலையே இராமானுஜன் வேண்டியது. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர் வேலை கொடுக்கவில்லை! அத்தகைய அறிவைக் கச்சேரியின் கடைப்படியிற் புதைக்க அவர் மனம் ஒப்பவில்லை. சென்னை அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அம்மறுப்பு எத்துணைப் பெரிய கருணையென்று நாம் இன்று வியக்கலாம். வெறுங்கையோடு திரும்பியவருக்கு அது கருணையாகவா தோன்றியிருக்கும்?

நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்றார். பின்னர் தெளிந்து, மாதம் 25 ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து உதவினார். பிறர் பொருளில் வாழ இராமானுஜனுக்கு விருப்பமில்லை. எனினும் காத்திருந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை. காகிதம் வாங்கப் பணமின்றிக் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றினார். 1911இல் பேர்னூலி எண்கள் பற்றிய அவர் கட்டுரை கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. பட்டமில்லாதவருக்கு அதுவே பட்டமாயிற்று.

1912 பெப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ற் நற்சான்று வழங்கியிருந்தார். படிப்பைத் தொடரவொட்டாமற் சூழ்நிலைகள் தடுத்தன என்று மட்டும் எழுதிவிட்டு, தம் காலம் முழுவதையும் கணிதத்தை வளர்ப்பதிற் செலவிடுவதாக அதிற் குறித்தார். இலிகிதர் வேலைக்கு இப்படியொரு தகுதியை வேறெவர் எழுதியிருப்பர்? மார்ச் முதலாந் திகதி 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

1913 சனவரியில் கேம்பிறிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் தம்மைத் துறைமுகக் கணக்குப் பகுதி இலிகிதரென்றே அவர் அறிமுகஞ் செய்துகொண்டார். அவ்வாண்டு மே மாதத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கியது, எஃப். ஏ. பரீட்சையில் அவரைத் தள்ளிவிட்ட அதே பல்கலைக்கழகம்.