வாய் திறக்க முடியாத வக்கீல்

1891-ம் ஆண்டு லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய காந்தி, பம்பாயில் தொழில் தொடங்கினார். ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு. பீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது; நாக்கு எழவில்லை. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, வெட்கத்துடன் வெளியேறினார்.

1893-ல் பிழைப்புக்காகத் தென் ஆப்பிரிக்கா சென்றார். தாதா அப்துல்லா கம்பெனியின் பெரிய வழக்கு. வாதம் வளர்ந்தால் இரு தரப்பும் அழியும் என்று கண்டு, மத்தியஸ்தம் மூலம் தீர்த்து வைத்தார். தோற்றவர் திவாலாகாதபடி தவணையும் வாங்கிக் கொடுத்தார்.

மறு ஆண்டு டர்பனில் அலுவலகம். ஒருநாள் கிழிந்த உடையுடன், இரண்டு பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக ஓர் ஒப்பந்தக் கூலி அழுதுகொண்டு வந்தார். பெயர் பாலசுந்தரம். எஜமான் அடித்திருந்தான். அவர் பேசிய தமிழை காந்திக்கு எடுத்துச் சொன்னவர் அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தா.

ஒப்பந்தக் கூலி சொல்லாமல் வேலையை விட்டால் சிறை என்பது அந்நாட்டுச் சட்டம். காந்தி முதலில் டாக்டரிடம் சான்று வாங்கினார். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்றார். எஜமானுக்குத் தண்டனை கேட்கவில்லை. பாலசுந்தரத்துக்கு விடுதலை கேட்டார். வேறு எஜமானிடம் மாற்றம் கிடைத்தது. செய்தி பரவியது. கூலித் தமிழர்கள் அவர் வாசலுக்கு வரத் தொடங்கினர்.

1903-ல் ஜோகன்னஸ்பர்க்கில் அட்டர்னியாகப் பதிவு செய்து அலுவலகம் அமைத்தார். வருமானம் பெருகியது. அதில் பெரும் பகுதி 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகைக்கே போயிற்று. பின்னர் சத்தியாக்கிரகத்துக்காக அந்தத் தொழிலையே விட்டார்.

பம்பாய் கோர்ட்டில் எழாத நாக்கு, ஏழைக் கூலிக்காக எழுந்தது.