ஆல்காட் கொடுத்ததும் அயோத்திதாசர் கேட்டதும்

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ஊரூர் ஆல்காட் குப்பம் என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. பக்கத்திலேயே ஆல்காட் நினைவுப் பள்ளி. அந்தப் பெயருக்கு உரியவர் நம் சேரிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் திறந்த ஓர் அமெரிக்கர். ஏழைகளுக்கு உதவ வேண்டியது அரசா, தனியார் தர்மமா என்ற கேள்வி இன்றும் நம் முன் நிற்பதால், அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். முதலில் வேளாண்மை அறிஞராகப் பெயர் பெற்றவர், பின்னர் வழக்கறிஞரானார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ராணுவத்துக்குப் பொருள் விற்றவர்கள் செய்த மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பொதுப்பணம் எப்படிக் களவு போகும் என்பதை நேரில் கண்டவர் அவர். கர்னல் என்ற பட்டம் அந்தக் காலத்தில் சேர்ந்தது. 1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரோடு பிரம்மஞான சபையைத் தொடங்கினார். 1879இல் இந்தியா வந்தார். 1882இல் சபையின் தலைமையகத்துக்காக அடையாற்றங்கரையில் தோட்டம் வாங்கப்பட்டது.

இலங்கையில் பௌத்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்க உழைத்தவர், அடையாறில் தன் வாசலருகே இருந்த சேரிகளையும் கண்டார். அன்று பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட நம் மக்களின் பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் உட்கார வைத்தால், ஆதிக்கச் சாதியார் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறுவார்கள். பஞ்சமர் கல்விக்காக 1893இல் சென்னை மாகாண அரசு தனி ஆணை போட்டது. ஆனால் ஆணை காகிதத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் சேரியில் இல்லை.

1894இல் ஊரூரில் ஆல்காட் முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். அடுத்தடுத்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பள்ளிகள் வந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். இங்கே படிக்க மதம் மாற வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பிரம்மஞானிகள் அனுப்பிய நன்கொடை இந்தப் பள்ளிகளை நடத்த உதவியது. கூலிக்குப் போனால் காசு கிடைக்கும் வயதில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்கு யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

இந்தக் கதையில் ஆல்காட் மட்டும் இல்லை. ராயப்பேட்டையில் இயங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் அவரை நாடினார். இருவரும் இலங்கை சென்றார்கள். பண்டிதர் அங்கே பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்ததும் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது.

ஆனால் ஆல்காட் பள்ளி வருவதற்கு முன்பே பண்டிதர் அரசிடம் கோரிக்கை வைத்துவிட்டார். 1891 டிசம்பரில் நீலகிரியில் திராவிட மகாஜன சபை கூடி, பள்ளி, உதவித்தொகை, அரசு வேலை, பொதுக்கிணறு என்று பட்டியலிட்டுத் தீர்மானம் போட்டது. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கேட்டார். நல்லவர் ஒருவர் நீட்டிய கையை அவர் தட்டிவிடவில்லை. அதற்காக அரசிடம் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஆல்காட் கொடுத்தது தொடக்கக் கல்வி. எத்தனை பள்ளி, எந்த வகுப்பு வரை, எந்தச் சேரியில் என்பதையெல்லாம் கொடுப்பவரின் மனமும் கையிருப்புமே முடிவு செய்தன. தர்மத்தின் இயல்பு அது. ஆல்காட்டின் குறை அல்ல. அடையாறுக்கு அருகில் இருந்த பிள்ளைக்குப் பள்ளி கிடைத்தது. செங்கல்பட்டிலும் தஞ்சாவூரிலும் பண்ணையில் மாடு மேய்த்த பிள்ளைக்கு எந்தக் கர்னல் வருவார்? ஊர்தோறும் போய்ச் சேரும் பலம் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் அரசுக்குத்தான் உண்டு.

அரசு கொடுத்தால் அது தானாகவே நிலைத்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. தியாகராய நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. செலவுக்குப் பிரிட்டிஷ் அரசு அனுமதி மறுத்ததால் 1925இல் அது நின்றது. பிறகு காமராசர் காலத்தில்தான் மாநிலம் முழுவதும் மதிய உணவு வந்தது. தர்மம் நின்றால் யாரிடமும் முறையிட முடியாது. அரசுத் திட்டம் நின்றால் மனு போடலாம், வழக்குத் தொடுக்கலாம், மறியல் செய்யலாம், வாக்கால் பதில் சொல்லலாம். அந்த வேறுபாடு பெரிது.

ஆல்காட் 1907 பிப்ரவரி 17 அன்று அடையாறில் காலமானார். அதே ஆண்டு ஜூன் மாதம் அயோத்திதாசர் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார். கொடுத்தவர் மறைந்த பின்பும் கேட்பவரின் குரல் ஓயவில்லை.

இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் விடுதியிலும் படிக்கும் பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும். கல்வி உதவித்தொகை தாமதமானால் யாராவது தயவு செய்வார்களா என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். விடுதியில் குடிநீர் இல்லையென்றால் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். நன்கொடை தருபவருக்கு நன்றி சொல்வோம். அரசுக்கு நன்றிக்கடன் பட்டவர்கள் அல்ல நாம். அங்கே நாம் கேட்பது நம் பங்கு.