பழமைவாதத்தின் தந்தை... ஆனா இருந்தது எதிர் முகாமில்! யார் இந்த எட்மண்ட் பர்க்?

லிபரல், கன்சர்வேடிவ் என்ற இரண்டு வார்த்தைகளும் உலக அரசியல் செய்திகளில் தினமும் அடிபடுகின்றன. தமிழில் தாராளவாதி, பழமைவாதி. மாற்றம் வேணும்னு சொல்றவங்க ஒரு பக்கம், எதையும் மாத்தாதேன்னு சொல்றவங்க இன்னொரு பக்கம் என்றுதான் பலரும் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால், பழமைவாதிகள் தங்கள் சிந்தனையின் தந்தை என்று கொண்டாடும் மனிதரின் வாழ்க்கை இந்தக் கணக்குக்குள் அடங்காது. அவர்தான் எட்மண்ட் பர்க்.

டப்ளின் டூ லண்டன்

1729-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர் பர்க். அப்பா புராட்டஸ்டன்ட் வக்கீல், அம்மா கத்தோலிக்கர். அப்போது அயர்லாந்தில் கத்தோலிக்கர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது, நாடாளுமன்றத்திலும் இடமில்லை. அரசு ஒரு மதத்தினரை ஒதுக்கி வைத்தால் என்ன நடக்கும் என்பது அவருக்கு வீட்டிலேயே தெரிந்த விஷயம்.

சட்டம் படிக்க 1750-ல் லண்டன் போனவர், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எழுத்தாளரானார். 1765-ல் பிரதமர் ராக்கிங்ஹாமின் தனிச்செயலாளர் வேலை கிடைத்தது. அந்த ஆண்டு கடைசியிலேயே எம்.பி.யும் ஆகிவிட்டார்.

அவர் சேர்ந்தது விக் அணியில். மன்னரும் தேவாலயமும் பெரிது என்றவர்கள் டோரிகள். மன்னரின் அதிகாரத்துக்கு நாடாளுமன்றம் கடிவாளம் போட வேண்டும் என்றவர்கள் விக்குகள். பின்னாளில் பிரிட்டனில் லிபரல் கட்சி உருவானபோது அதன் முக்கிய வேர் இந்த விக் அணிதான்.

அமெரிக்காவுக்கு ஆதரவு

அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது லண்டன் வரி போட்டது. அங்கே கொந்தளிப்பு. அடக்கி வைக்க வேண்டும் என்று மன்னர் தரப்பு நினைத்தது. பர்க் அமெரிக்கர்கள் பக்கம் பேசினார். 1775-ல் சமாதானம் பேசச் சொல்லி நாடாளுமன்றத்தில் நீண்ட உரையாற்றினார். யாரும் கேட்கவில்லை. போர் வெடித்து, அமெரிக்கா கையை விட்டே போனது.

அவர் சொன்ன காரணம் முக்கியமானது. அமெரிக்கர்கள் புதுசா எதையும் கேட்கவில்லை, தலைமுறைகளாக அனுபவித்து வந்த உரிமையைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார்கள், பழக்கத்தை உடைப்பது லண்டன்தான் என்பது அவர் வாதம்.

தொகுதி போனாலும் பரவாயில்லை

1774-ல் பிரிஸ்டல் தொகுதியில் ஜெயித்தார். எம்.பி. என்பவர் தொகுதிக்காரர்கள் சொல்வதை ஒப்பிக்கும் தூதர் அல்ல, தன் அறிவைப் பயன்படுத்தி முடிவெடுக்க வேண்டியவர் என்று வாக்காளர்களிடமே சொன்னார். அயர்லாந்தின் வியாபாரத்துக்கு இருந்த தடைகளைத் தளர்த்தவும், கத்தோலிக்கர்களுக்குச் சலுகை தரவும் குரல் கொடுத்தார். பிரிஸ்டல் வியாபாரிகள் கடுப்பானார்கள். 1780 தேர்தலில் தோல்வி உறுதி என்று தெரிந்து போட்டியிலிருந்தே விலகினார். பிறகு வேறு தொகுதி வழியாக நாடாளுமன்றம் வந்தார்.

ஆற்காடு கடனும் தமிழ்நாட்டு ஏரிகளும்

பர்க் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் நம்ம ஊர் விவகாரம் அவர் வாழ்க்கையில் பெரிய இடம் பிடித்தது. ஆற்காடு நவாப் முகமது அலி, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளிடமே பெரும் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். அதை அடைக்க கர்நாடகப் பகுதி விவசாயிகளின் வரிப்பணம் போனது. அந்தக் கடன்களைச் சரியாக விசாரிக்காமலே அடைக்க லண்டன் அரசு ஏற்பாடு செய்தது.

1785-ல் பர்க் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஹைதர் அலியின் படையெடுப்பில் நாசமான ஊர்களையும், பராமரிப்பு வேண்டிய ஏரிகளையும் விவரித்தார். பிறக்கப்போகிற தலைமுறையையும் தன் பிள்ளைகளாக நினைத்த பழைய அரசர்கள் வெட்டிய ஏரிகள் இவை என்று பாராட்டினார். அவருடைய உறவினர் போல இருந்த வில்லியம் பர்க், தஞ்சாவூர் ராஜாவின் ஏஜென்ட். அதனால் பர்க்கின் நோக்கத்தைச் சந்தேகித்தவர்களும் உண்டு.

அடுத்து வாரன் ஹேஸ்டிங்ஸ். கவர்னர் ஜெனரலாக இருந்தவரை ஊழல், அத்துமீறல் குற்றச்சாட்டுகளில் நாடாளுமன்ற விசாரணைக் கூண்டில் ஏற்றினார் பர்க். 1788-ல் தொடங்கிய விசாரணை 7 ஆண்டுகள் இழுத்தது. 1795-ல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையாகிவிட்டார்.

பிரான்சில் திரும்பிய பாதை

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி. அமெரிக்காவை ஆதரித்தவர் இதையும் ஆதரிப்பார் என்று நண்பர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. 1790 நவம்பரில் புரட்சியை எதிர்த்து ஒரு புத்தகமே வெளியிட்டார்.

ஓட்டை விழுந்த வீட்டைப் பழுது பார்க்கலாம், அஸ்திவாரத்தோடு இடித்தால் குடியிருக்க இடமிருக்காது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். சமூகம் என்பது செத்தவர்கள், இருப்பவர்கள், பிறக்கப்போகிறவர்கள் மூவருக்கும் பொதுவான சொத்து, ஒரு தலைமுறை மட்டும் அதை அழிக்க முடியாது என்றார். ஏரி பற்றி 5 வருடம் முன்பு பேசியதும் கிட்டத்தட்ட இதேதான்.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1791-ல், கால் நூற்றாண்டு நண்பரான விக் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுடனான நட்பை நாடாளுமன்றத்திலேயே முறித்துக்கொண்டார். ஃபாக்ஸ் அங்கேயே அழுதுவிட்டார்.

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

மேரி வுல்ஸ்டன்கிராஃப்டும் தாமஸ் பெய்னும் பதில் புத்தகங்கள் எழுதினார்கள். ராணிக்காக உருகுகிற பர்க், பட்டினி கிடந்த மக்களைப் பார்க்கவில்லை என்பது அவர்களின் முக்கியக் குற்றச்சாட்டு. அதில் நியாயமும் உண்டு. சாதாரண மக்களுக்கு ஓட்டுரிமையை விரிவாக்குவதை பர்க் கடைசி வரை ஏற்கவில்லை.

அதேநேரம், அவர் எச்சரித்ததும் நடந்தது. 1793-ல் மன்னர் 16-ம் லூயியின் தலை துண்டிக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் கில்லட்டினுக்குப் போனார்கள். கடைசியில் ராணுவத் தளபதி ஒருவர் கையில்தான் ஆட்சி போகும் என்று சொல்லியிருந்தார். 1799-ல் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தார்.

அதைப் பார்க்க பர்க் இல்லை. 1794-ல் மகன் இறந்துபோக, 1797 ஜூலை 9-ல் அவரும் காலமானார். பிரிட்டனில் கன்சர்வேடிவ் என்ற பெயரில் கட்சி வந்தது அதற்கு 30 வருடங்களுக்கும் மேல் கழித்துத்தான்.

அப்போ வித்தியாசம் என்ன?

மாற்றம் வேணுமா வேண்டாமா என்பதல்ல, எவ்வளவு வேகத்தில், எதைத் தொடாமல் மாற்றுவது என்பதுதான் இரு தரப்புக்கும் நடுவில் உள்ள சண்டை. இடித்த பிறகு அந்த இடத்தில் எதை வைப்பீர்கள் என்று பர்க் வழியினர் கேட்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழுது பார்க்கும் வரை, கூரை இல்லாதவன் எத்தனை மழைக்காலம் காத்திருக்கணும் என்று லிபரல்கள் திருப்பிக் கேட்கிறார்கள். பர்க் தன் வாழ்நாளில் இந்த இரண்டு கேள்விகளையுமே கேட்டிருக்கிறார். ஆற்காட்டுக்காக ஒன்று, பாரிஸைப் பார்த்து இன்னொன்று.